விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, அப்பாவின் 1,400 கோப்புகள் இருக்கின்றன: அச்சுக்கடைக்கு லினக்ஸ் சரிவருமா?

அச்சுக்கடை, ஜார்ஜ்டவுன்

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன அச்சுக்கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கியது, இப்போது நான் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கருமக்கிரியை அட்டை, கோயில் ரசீதுப் புத்தகம், தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்ப் பந்தல் நோட்டீஸ். கடையில் இருப்பது ஒரே கணினி. 2017-இல் வாங்கியது, ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். இதுவரை ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. என்னுடையது ஒரு படி கீழே நிற்கிறது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்து வைத்ததால் பாதுகாப்புப் புதுப்பிப்பு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். அதற்கப்புறம் என்ன செய்வது? விசாரித்த இடத்தில், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் அக்கா என்று இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) விலை சொன்னார்கள். நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணம் இருந்தால் வெட்டும் எந்திரத்தின் கத்தியை மாற்றுவேன்.

மருமகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்கிறான். போடலாம். ஆனால் என் கவலை வேறு.

அப்பா 2001-லிருந்து 2014 வரை தட்டிய கோப்புகள் ஏறத்தாழ 1,400 இருக்கின்றன. பெரும்பாலும் வேர்டு கோப்புகள், கொஞ்சம் பேஜ்மேக்கர், கொஞ்சம் கோரல். எல்லாம் யூனிகோடுக்கு (எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் இன்றைய பொது முறை) முந்திய எழுத்துருக்களில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தலையில் கொம்பும் அடியில் கொக்கியும் உள்ள ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் தெரிகிறது. இந்த விண்டோஸில் அந்தப் பழைய எழுத்துருக்களும் தட்டச்சு மென்பொருளும் உள்ளே இருப்பதால் மட்டுமே இன்றைக்கும் படிக்க முடிகிறது.

பழைய அட்டைகள் எதற்கு என்று கேட்பீர்கள். போன மாதம் ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. காலை ஏழு மணி, கடையை அப்போதுதான் திறக்கிறேன். பாட்டி இறந்துவிட்டார். கையில் 2006-இல் தாத்தாவுக்கு அப்பா அடித்துக் கொடுத்த அட்டை, லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். இதே மாதிரி, இதே தேவாரம், பெயர்களும் இதே வரிசை என்றார்கள். ஏழு பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். கோப்பைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில், அச்சுக்குப் போகாத இடத்தில் அப்பாவின் குறிப்பு: 'மூன்றாவது மருமகள் பெயரில் வல்லின ற. தொலைபேசியில் கேட்டாயிற்று.' துக்க வீட்டில் போய் நான் அதை மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒவ்வொரு கோப்பிலும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அதனால் என் கேள்விகள்: மிண்டில் இந்தக் கோப்புகள் திறக்குமா? ரோமன் எழுத்தில் தட்டித் தமிழ் வரவைக்கும் அஞ்சல் முறைதான் என் விரலுக்குப் பழக்கம், அதற்கு என்ன வழி? அட்டை வடிவமைக்கவும் ஆப்செட்டுக்குக் கொடுக்கவும் எந்த மென்பொருள்? தைப்பூச வேலை தொடங்குவதற்கு முன் முடிக்க நினைக்கிறேன். இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றிகளில் ஒட்டிப் பார்க்கச் சொல்லாதீர்கள், இவை மற்றவர்களுடைய குடும்பப் பெயர்கள்.


பிரிக்ஃபீல்ட்ஸ் கணக்கர்

வணக்கம் அக்கா. நான் கோலாலம்பூரில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஏழு வருடமாக மிண்ட்தான். கோப்பு விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள், நான் மாறும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இப்போது இருக்கும் வன்தட்டை அழிக்காதீர்கள். எவ்வளவு இடம் இருந்தாலும், யார் சொன்னாலும், அதைப் பங்கு போட வேண்டாம். மேசைக் கணினி என்பதால் உள்ளே இன்னொரு தட்டாக எஸ்எஸ்டி மாட்ட இடம் இருக்கும். ஒரு 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள், நான் லோ யாட் பிளாசாவில் வாங்கினேன், பினாங்கிலும் கிடைக்கும். மிண்டை நிறுவும்போது பழைய தட்டின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். அப்போது தவறான தட்டைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை. நிறுவி முடித்ததும் கேபிளை மாட்டிவிடலாம். எதில் போக வேண்டுமோ அதைக் கணினி தொடங்கும்போது தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால், நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். மிண்டின் நிறுவல் கோப்பு (ஐஎஸ்ஓ) 3 ஜிபி அளவுக்கு இருக்கும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற மென்பொருளால் அதை ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா, ஸ்கேனர் எழுந்திருக்கிறதா என்று அரை நாள் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவை உருவிவிட்டால் போதும், உள்ளே எதுவும் மாறியிருக்காது.

8 ஜிபி ரேமுக்கு மிண்டின் சின்னமன் பதிப்பே போதும். மெனு இடது மூலையில், கடிகாரம் வலது மூலையில், விண்டோஸில் பழகிய கைக்கு அரை மணி நேரத்தில் பிடிபடும். மிண்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை புதுப்பிப்பு வரும்.

மலேசியாவில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருப்பவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் ஒன்று உண்டு. லினக்ஸ் கணினியின் உள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துப் படிக்கும். நாம் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகவே மிண்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் 8 மணி நேரம் பின்னால் நிற்கும். காலை 7 மணிக்குக் கடை திறந்தால் அது முந்தின நாள் இரவு 11 என்று காட்டும், ரசீதில் தேதியே தப்பாக விழும். மிண்டில் 'உள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வை' என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும். டைம்டேட்சிடிஎல் என்று தேடினால் கிடைக்கும்.

அதேபோல விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்து வையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், மிண்டிலிருந்து அந்தத் தட்டைப் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது.

கருவிகள் என்று கேட்டால், நான் தினமும் தொடுவது சொல்கிறேன். பிடிஎஃப் அரேஞ்சர்: பக்கங்களை இழுத்துப் போட்டு வரிசை மாற்ற, பிரிக்க, சேர்க்க. இதற்கு முன்பு மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தேன். மிண்டோடு வரும் வெப் ஆப்ஸ்: வாட்ஸ்ஆப் வெப்பைத் தனிச் சாளரமாக ஆக்கிவிடும், உங்கள் வாடிக்கையாளர்கள் விவரம் அனுப்புவது எப்படியும் அதில்தானே. கேடிஇ கனெக்ட்: கைப்பேசியில் வந்த படத்தைக் கம்பி இல்லாமல் கணினிக்குத் தள்ள. டாக்குமென்ட் ஸ்கேனர்: பெயருக்கேற்ற வேலை, சத்தமில்லாமல் செய்யும்.

டைம்ஷிஃப்டை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். புதுப்பிப்பு ஏதாவது கெடுத்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது காப்பது இயங்குதளத்தை மட்டும். உங்கள் சொந்தக் கோப்புகளை அது இயல்பாகத் தொடாது. நிறைய பேர் இதில்தான் ஏமாந்திருக்கிறார்கள். அப்பாவின் கோப்புகளுக்குத் தனியாக ஒரு வெளித் தட்டில் பிரதி, முடிந்தால் வேறொரு வீட்டில் இன்னொரு பிரதி.


ஓய்வாசிரியர், பட்டர்வொர்த்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் கற்பித்தவன் நான். தேர்வுத்தாள்களை எல்லாம் முரசு அஞ்சலில்தான் தட்டினோம். நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்த மென்பொருள் அது. உங்கள் விரலில் இருக்கும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். உங்களிடம் இருப்பது போன்ற கோப்புகள் என்னிடமும் ஒரு அலமாரி நிறைய இருந்தன. எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன். உங்களுக்கும் முடியும்.

முதல் வேலை, எந்தக் குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு, என்று கண்டுபிடிப்பது. விண்டோஸில் கோப்பைத் திறந்து எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். பெயரில் டிஎஸ்சி என்று வந்தால் அது திஸ்கி. டிஎஸ்சியூ பரணர், இணைமதி டிஎஸ்சி போன்றவை. டிஏபி, டிஏஎம் என்று வந்தால் 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற குறியேற்றங்கள். பாமினி என்றால் அது தனி வழி. நம் ஊரில் அந்த ஆண்டுகளில் தட்டியது என்றால் பெரும்பாலும் திஸ்கியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

திஸ்கி என்றால் நல்ல செய்தி. 1990-களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசியே உருவாக்கிய குறியேற்றம் அது. அதைப் படிக்கத் தெரிந்த கருவி லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் எதையும் பதிவிறக்க வேண்டாம். ஐகான்வ் என்று பெயர். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியோடு வருவது. மூலம் திஸ்கி, இலக்கு யூடிஎஃப்-8 (யூனிகோடைக் கோப்பில் எழுதும் வடிவம்) என்று சொல்லிக் கோப்பைக் கொடுத்தால் யூனிகோடாகத் திருப்பித் தரும். இணையம் தேவையில்லை. பெயர்கள் உங்கள் கடையை விட்டு வெளியே போகாது.

இது எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற சின்ன வேலை இல்லை. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கிடக்கும்: முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து க, அதன்பின் கால். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். அந்த வரிசையை எல்லாம் ஐகான்வ் பார்த்துத் திருப்பிக்கொள்கிறது. ஆங்கில எழுத்தும் எண்ணும் திஸ்கியில் இருந்த இடத்திலேயே இருப்பதால் முகவரி, தொலைபேசி எண் எதுவும் கெடாது.

ஒரு படி மட்டும் இடையில் உண்டு. ஐகான்வ் வெறும் உரைக் கோப்பைத்தான் படிக்கும், வேர்டு கோப்பை அல்ல. ஆகவே வேர்டு கோப்பை, மிண்டோடு வரும் லிப்ரே ஆபிஸில் திறந்து, 'குறியேற்றத்தைத் தேர்ந்தெடுத்து உரையாகச் சேமி' என்ற வகையில், மேற்கு ஐரோப்பா விண்டோஸ்-1252 என்று சேமியுங்கள். திரையில் கொம்பும் கொக்கியுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த உரைக் கோப்பை ஐகான்வுக்குக் கொடுங்கள். தடித்த எழுத்து, நடுவில் நிறுத்துவது போன்ற அலங்காரம் போய்விடும். பெயரும் வரிசையும் குறிப்பும் அப்படியே இருக்கும்.

தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவினால் தமிழுக்குப் பல விசை முறைகள் வரும்: ஒலிபெயர்ப்பு, தமிழ்99, பழைய தட்டச்சு எந்திர முறை. ஒலிபெயர்ப்பு முறை அஞ்சலுக்கு நெருக்கம்தான், ஆனால் சில எழுத்துகளுக்கு விசை வேறு, முதல் வாரம் கை தடுமாறும். நான் இந்தச் சாக்கில் தமிழ்99-க்கு மாறினேன், அறுபத்திரண்டு வயதில். உயிர் இடது கையில், மெய் வலது கையில். க-வை இரண்டு முறை தட்டினால் 'க்க' தானே வரும், ங-வும் க-வும் அடுத்தடுத்துத் தட்டினால் 'ங்க' வரும், புள்ளி வைக்கத் தனியாக விசையைத் தேட வேண்டாம். நாள் முழுக்கத் தமிழ் தட்டுகிறவர்களுக்கு இது கைவலியைக் குறைக்கும். ஆனால் தைப்பூச நேரத்தில் மாறாதீர்கள், வேலை ஓய்ந்தபின் பழகுங்கள்.


பாயான் லெப்பாஸ், லேபிள் வடிவமைப்பு

அக்கா, நான் தொழிற்சாலைகளுக்கு லேபிள், பெட்டி வடிவமைக்கிறேன். வீட்டில் முழுக்க லினக்ஸ். ஒரே மென்பொருளில் எல்லாவற்றையும் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோலம், குத்துவிளக்கு, பிள்ளையார், பார்டர் எல்லாம் இங்க்ஸ்கேப்பில் வரையுங்கள். தமிழ் எழுத்து அதில் அழகாக உட்காரும். ஆனால் இங்க்ஸ்கேப் ஆர்ஜிபியில்தான், அதாவது திரைக்கான நிறங்களில்தான், யோசிக்கும். ஆப்செட் அச்சகம் கேட்பது சிஎம்ஒய்கே, நான்கு மைகளுக்கான நிறங்கள். அதனால் கடைசிப் பக்க அமைப்பை ஸ்கிரைபஸில் செய்யுங்கள். அது சிஎம்ஒய்கே தெரிந்தது, அச்சகத்துக்கான பிடிஎஃப் எக்ஸ் வகையில் ஏற்றுமதி செய்யும், வெட்டுக்குறியும் போட்டுத் தரும்.

ஸ்கிரைபஸ் பற்றி முன்பு கெட்ட பெயர் உண்டு. பழைய 1.4 பதிப்பில் தமிழ்க் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், நானே வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். 2024 தொடக்கத்தில் வந்த 1.6-இல் அது சரி. நிறுவும்போது பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் டிராவில் திறந்து பாருங்கள். 6, 7 பதிப்புக் கோப்புகளைப் படிக்கத் தெரிந்த நூலகம் அதற்குள் இருக்கிறது. கோரல் கோப்புகளையும் டிராவோ இங்க்ஸ்கேப்போ திறக்கும். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். படங்கள் வரும், உரை வரும், இடைவெளி நகர்ந்திருக்கும். உரையை எடுத்துக்கொள்ள அது போதும்.

எழுத்துருவுக்கு, விண்டோஸின் லதா, நிர்மலா மிண்டில் இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் கட்டுரை எழுத்துக்கு. கல்யாணப் பத்திரிகைக்கு கூகுள் ஃபான்ட்ஸில் கவிவனார் பாருங்கள், சாய்ந்து கையெழுத்து மாதிரி இருக்கும். தலைப்புக்கு பவனம், முக்தா மலர், கட்டமரன், மீரா இனிமை. எல்லாம் வணிக வேலைக்கும் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமத்தில் வருபவை. ஆப்செட்டுக்கு அனுப்பும் முன் எழுத்தை வளைகோடாக மாற்றிவிடுங்கள். அந்த அச்சகத்தில் உங்கள் எழுத்துரு இருக்குமா இல்லையா என்ற கேள்வியே வராது.

1,400 கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து சேமிக்க வேண்டாம். லிப்ரே ஆபிஸைச் சாளரம் திறக்காமல், கட்டளை தட்டும் முனையத்திலிருந்தே ஓட்டலாம். ஒரு கோப்புறை முழுவதையும் உரையாக மாற்றி, அப்படியே ஐகான்வுக்கு அனுப்ப ஐந்தாறு வரி நிரல் போதும். உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அசல் கோப்புறையில் ஓட்டாமல் பிரதியில் ஓட்டுங்கள்.


அச்சுக்கடை, ஜார்ஜ்டவுன்

மூவருக்கும் நன்றி. ஞாயிறு மாலை கடை சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்ததில் பிரிண்டர் கேட்காமலே சேர்ந்துகொண்டது. வைஃபை கிடைத்தது. கணக்கர் சொன்ன மாதிரி கேபிளைக் கழற்றிவிட்டு புது எஸ்எஸ்டியில் நிறுவினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பழைய ஸ்கேனர் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. அதற்கு விண்டோஸ் பக்கமே போகிறேன், வாரத்தில் ஒரு தடவை வேலைதான்.

எழுத்துருப் பெயர்களைப் பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்னது போலவே பெரும்பாலும் டிஎஸ்சி. கடைசி ஆண்டுகளில் அறுபது கோப்பு மட்டும் பாமினி, அப்போது கடையில் வேலை செய்த தம்பி தட்டியிருப்பார்.

ஒரு இடத்தில் நிற்கிறேன். லிப்ரே ஆபிஸில் ஸ்டைலைத் திறந்து எழுத்துருவை மாற்றி, அளவை 14 ஆக்கினேன். ஆங்கில முகவரி பெரிதாகிறது, தமிழ் மட்டும் அசையவே இல்லை. நான்கு தடவை செய்து பார்த்துவிட்டேன். மென்பொருளில் ஏதாவது கோளாறா?


ஓய்வாசிரியர், பட்டர்வொர்த்

கோளாறு இல்லை அம்மா. லிப்ரே ஆபிஸ் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு எழுத்துரு, நம்முடையது போன்ற சிக்கலான எழுத்துக்கு ஒரு எழுத்துரு என்று தனித்தனியாக வைத்திருக்கும். அளவும் தனி. விருப்பங்களில் மொழிகள் பகுதிக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதைத் தேர்ந்து, அதற்கு மொழி தமிழ் என்று வையுங்கள். அப்புறம் ஸ்டைலைத் திறந்தால் எழுத்துருப் பெட்டி இன்னொன்று தெரியும். தமிழுக்கு அதில் மாற்றுங்கள். ரைட்டருக்கான அடிப்படை எழுத்துருக்களிலும் அதேபோல ஒரு முறை வைத்துவிட்டால் புதுக் கோப்புகளில் மறுபடி செய்ய வேண்டாம். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது, சொல்லித் தர ஆளில்லாமல்.


அச்சுக்கடை, ஜார்ஜ்டவுன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தமிழ் 14-இல் நிற்கிறது ஐயா.

பாயான் லெப்பாஸ் தம்பி அனுப்பிய நிரலைப் பிரதியில் ஓட்டினேன். தேநீர் ஆற்றிக் குடித்து வருவதற்குள் முதல் கோப்புறை முடிந்திருந்தது. 2006. அந்த ஜெலுத்தோங் தாத்தாவின் அட்டையைத்தான் முதலில் திறந்தேன். யூனிகோடில், நோட்டோ எழுத்தில், தேவாரம் நான்கு வரியும் சரியாக இருக்கிறது. கீழே, மூன்றாவது மருமகள் பெயரில் வல்லின ற என்ற குறிப்பு. கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சரிபார்க்கும்போது ஒரு பிழை கண்ணில் பட்டது, மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். அட்டையில் 'காலை 10 – 12' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'காலை 10 ௭ 12' என்று வந்திருந்தது. நடுவில் தமிழ் எண் ஏழு. முதலில் அந்தக் கோப்பில் மட்டும் என்று நினைத்தேன். தேடினால், நேரம் போட்ட எல்லா அட்டையிலும் இருக்கிறது. வேர்டு தானாக நீட்டிவிடும் அந்தச் சின்னக் கோடு விண்டோஸ் குறியேற்றத்தில் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதே இடத்தில் திஸ்கியில் ௭ இருக்கிறதாம், தம்பிதான் விளக்கினார். அப்பா தமிழ் எண்களைப் பயன்படுத்தியதே இல்லை. அதனால் எல்லாக் கோப்பிலும் ௭-ஐக் கோடாக மாற்ற ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். கவனிக்காமல் விட்டிருந்தால், என்றாவது ஒரு நாள் துக்க வீட்டு அட்டையில் அது அச்சாகிப் போயிருக்கும். உங்களிடம் தமிழ் எண் உள்ள கோப்புகள் இருந்தால் இப்படி ஒட்டுமொத்தமாக மாற்றாதீர்கள்.

இப்போது 1,300-க்கு மேல் யூனிகோடில் இருக்கின்றன. யூனிகோடு என்பதால் தேட முடிகிறது, எனக்கு இது பெரிய விஷயம். நேற்று ஒருவர் தொலைபேசியில் ஊர்ப் பெயரையும் குலத்தையும் மட்டும் சொன்னார். கோப்பு மேலாளரில் தேடினேன். 2009-இல் அவர் அக்காளுக்கு அடித்த கல்யாணப் பத்திரிகை வந்து நின்றது. முன்பெல்லாம் இதற்கு அப்பாவின் ஞாபகம்தான் தேவைப்பட்டது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பந்தல் போடும் குழு ஒன்றுக்கு இந்த வருட நோட்டீஸை முழுக்க மிண்டிலேயே செய்தேன். இங்க்ஸ்கேப்பில் படம், ஸ்கிரைபஸில் பக்கம். ஸ்கிரைபஸ் பிடிவாதமானது, ஒவ்வொரு உரைக்கும் பெட்டி போட வேண்டும் என்பது பேஜ்மேக்கர் பழகிய எனக்கு ஒரு நாளில் பிடிபட்டது, கோரலிலேயே வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கலாம். ஆப்செட் அச்சகத்தில் பிடிஎஃபைத் திறந்து, குங்குமச் சிவப்பு சரியாக இருக்கிறது என்றார்கள். கடையில் கணினி அதேதான். கத்தியை மாற்றிவிட்டேன்.

பாமினி அறுபதுதான் மிச்சம். ஐகான்வ் அதைத் தொடவில்லை.


பாயான் லெப்பாஸ், லேபிள் வடிவமைப்பு

பாமினி ஐகான்வுக்குத் தெரியாது அக்கா. பைத்தானில் ஓப்பன் தமிழ் என்று ஒரு நூலகம் இருக்கிறது. பாமினி, டிஏபி, டிஏஎம், திஸ்கி எல்லாவற்றையும் யூனிகோடாக்கும் பகுதி அதில் உண்டு. இதுவும் உங்கள் கணினியிலேயே ஓடும். ஒரு சிக்கல்: பாமினியில் ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில்தான் தமிழ் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஆங்கில முகவரி வரியையும் தமிழ் என்று நினைத்து மாற்றிக் குழப்பிவிடும். கோப்பில் எழுத்துரு மாறும் இடத்தைப் பார்த்து, பாமினி உள்ள பகுதியை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். நான் ஒரு நிரல் எழுதித் தருகிறேன். மாதிரிக்கு ஒரு கோப்பு மட்டும் அனுப்புங்கள், இரண்டு மொழியும் கலந்தது.


அச்சுக்கடை, ஜார்ஜ்டவுன்

அனுப்பிவிட்டேன் தம்பி. 2013 கருமக்கிரியை அட்டை, தமிழும் ஆங்கிலமும் இருக்கிறது. குடும்பத்தின் பெயர்களை எடுத்துவிட்டு அந்த இடங்களில் என் வீட்டாரின் பெயர்களைப் பாமினியிலேயே தட்டி வைத்திருக்கிறேன். மாறி வந்ததும் என் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.